தொண்டைக்குக் கரண்டு வைத்த கண்டக்டர்

பஸ் கண்டக்டருக்குக் கால் வலித்தால் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்ளலாம், கை வலித்தால் பையைத் தோள் மாற்றிக்கொள்ளலாம். தொண்டை போய்விட்டால் மட்டும் வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

நான் சொல்வது யுத்தத்துக்கு முந்தின காலம். மதுரை சிம்மக்கல்லில் கிளம்பி, திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாகப் பேரையூருக்குத் தினம் இரண்டு நடை போகிற தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். பெயர் காதர் மைதீன். அதே ஊருக்கு மூன்று கம்பெனி வண்டிகள் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும். புறப்படும் நேரம் என்று ஒரு காகிதம் ஷெட் சுவரில் ஒட்டியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. எந்தக் கண்டக்டர் உரக்கக் கூப்பிடுகிறானோ அவன் வண்டி முதலில் நிரம்பும், முதலில் கிளம்பும். "திருமங்கலம், கல்லுப்பட்டி, பேரையூரே!" என்று நான் ஒரு தடவை கூப்பிட்டால் யானைக்கல்லில் நடந்து வருகிறவர் ஓட ஆரம்பித்துவிடுவார். பத்து வருஷம் அப்படித்தான் ஓடியது.

வாத்தியார்கள், ஏலம் கூறுகிறவர்கள், தெருவில் கூவி விற்கிறவர்கள், என்னைப்போல் பஸ்ஸில் தொங்குகிறவர்கள், இவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். மற்றவர்களும் படிக்கலாம். தொண்டை எல்லோருக்கும் இருக்கிறது.

ஆளுக்கொரு கசாயம்

ஒரு பங்குனியில் குரல் கம்ம ஆரம்பித்தது. வலியில்லை, காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. காலையில் முதல் நடைக்குக் கூப்பிடும்போதே பழைய கதவைத் திறக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. வெயில் என்று நினைத்தேன். புழுதி என்று நினைத்தேன். வாயில் புகையிலை அடக்கிக்கொண்டே கத்துகிறவன் நான்; அதை மட்டும் நினைக்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டருக்குத் தொண்டை கட்டினால் ஒரு விஷயம் தெரிந்துவிடும்: நம் ஊரில் வைத்தியம் தெரியாதவர் யாருமே இல்லை. முதல் வரிசையில் இருப்பவர் மிளகு என்பார். அடுத்த வரிசை சித்தரத்தை. கடைசி வரிசையில் ஒருவர் பச்சை முட்டையை நல்லெண்ணெயில் அடித்துக் குடிக்கச் சொன்னார். அவர் கோழி வியாபாரி. நான் எல்லாவற்றையும் குடித்தேன். இரண்டு மாதம் ஓடியது. சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கூடையோடு வந்து எங்கள் வண்டியில் மாறி ஏறுகிற ராக்கம்மா என்கிற வியாபாரி ஒரு நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பாய், நீங்க கூப்புடுறதக் கேட்டா பஸ்ஸுல ஏறத் தோணல. உங்களப் பிடிச்சு உக்காரவச்சு ஒரு வாய் சுடுதண்ணி குடுக்கத்தான் தோணுது."

வெயிலில் நின்ற ஐயா

திருமங்கலத்தில் வேலுச்சாமி என்று ஒரு பெரியவர் வாரம் ஒரு தடவை ஏறுவார். இரண்டு கண்ணும் தெரியாது. கல்லுப்பட்டியில் மகள் வீடு. தனியாகத்தான் வருவார், தனியாகத்தான் போவார். என் குரல் கேட்டால் கைத்தடியைத் தூக்கிக் காட்டுவார். நான் இறங்கி ஏற்றிவிடுவேன். அந்த வாரம் நான் கூப்பிட்டேன். அவர் தடியைத் தூக்கவில்லை. வேறு வண்டிக்கு நிற்கிறார்போல என்று நினைத்து நானும் போய்விட்டேன். சாயங்கால நடையில் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நிற்கிறார். முகமெல்லாம் வெயிலில் கறுத்து உதடு காய்ந்திருந்தது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "ஐயா, காலையிலேயே கூப்பிட்டேனே!" என்றேன். அவருக்கு என் குரல் அடையாளம் தெரியாமல் காதைச் சாய்த்தார். இன்னொரு தடவை பேசச் சொன்னார். பேசினேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். மூன்று மாதம், சளிதான் என்றேன். என் கையை விடாமல் சொன்னார்:

"சளின்னா ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஒன்னுது கூடிக்கிட்டே போகுதப்பா. கசாயம் போதும், கண்ணு தெரிஞ்ச டாக்டர்கிட்ட போய்த் தொறந்து காட்டு."

கண்ணாடிக்குள் ஒரு அரிசி

மறுநாளே போனேன். மதுரையில் தொண்டைக்கென்று பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிக்கொண்டு, என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, காம்பு வைத்த ஒரு குட்டிக் கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டித் தொண்டைக்குள் விட்டார். "ஈ என்று சொல்லு" என்றார். நாக்கு அவர் கையில் இருக்கும்போது எங்கே சொல்வது? முதல் தடவை குமட்டியது. இரண்டாம் தடவை அவர் கையைத் தட்டிவிட்டேன். மூன்றாம் தடவை, பத்து வருஷம் பஸ்ஸில் தொங்கின கையால் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு "ஈ" என்றேன். அவர் நிறைய நேரம் பார்த்தார்.

பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். குரல் வருகிற இடத்தில் வெள்ளையாக இரண்டு வார் இருக்குமாம். மூச்சு விடும்போது விலகும், பேசும்போது ஒட்டும். என் இடதுபக்க வாரில் ஒரு அரிசி அளவுக்கு ஏதோ முளைத்திருந்தது. "புற்றாக இருக்கலாம். மெட்ராஸுக்குப் போய் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும். இந்த வாரமே" என்றார். சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை. மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர், வயதான மனிதர், எழுந்து வந்து எனக்காகப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"சத்தமே காட்டாம உள்ளுக்குள்ள நோவு வளந்தப்புறம் வர்றவங்க எம்புட்டோ பேர இங்க பாத்திருக்கேன். ஒங்களுக்கு வந்தது மொதல்லயே சத்தம் போட்டுச் சொல்லிருச்சு, பாய். அது சொன்னப்பவே கெளம்பிருங்க."

சிலேட்டில் வந்த பதில்

பெண்பிள்ளைகள் இரண்டையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு நானும் என் மனைவி ஜைனபுவும் மெட்ராஸுக்கு ரயில் ஏறினோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. தொண்டையை மரத்துப்போக வைத்து, ஒரு குழாயை உள்ளே விட்டு, ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார்கள். நாலாம் நாள் முடிவு வந்தது. புற்றேதான்.

இரண்டு டாக்டர்கள் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று பேசினார்கள். ஒருவர் கத்தி டாக்டர். குரல் பெட்டியை எடுத்துவிட்டால் நோயும் அதோடு போய்விடும், கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடலாம், பேச்சு இருக்காது என்றார். மற்றவர் எக்ஸ்ரே டாக்டர். ஆரம்பத்திலேயே வந்திருக்கிறது, வாரும் நன்றாக அசைகிறது, ஆறு வாரம் கரண்டு வைத்தால், அதாவது தொண்டைக்கு எக்ஸ்ரே காட்டினால், கத்தி வைக்காமலே போக நிறைய வாய்ப்பு, குரலும் திரும்பலாம். ஆனால் கையெழுத்துப் போட்டு உறுதி தரமுடியாது என்றார். யோசித்துச் சொல் என்று போய்விட்டார்கள். நான் என்ன யோசிப்பது? கண்டக்டரின் குரலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று ஒரு பக்கம். உயிர் இருந்தால்தானே கண்டக்டர் என்று இன்னொரு பக்கம்.

பக்கத்துக் கட்டிலில் திருநெல்வேலிப் பக்கத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். குரல் பெட்டியை எடுத்தாகிவிட்டது. கழுத்துக் குழாயில் மூச்சு விசிலடிக்கும். பையன்களின் இரைச்சலில் தொண்டை கட்டியிருக்கிறது என்று எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டாராம். எங்கள் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தவர், தலையணைக்கு அடியிலிருந்து சிலேட்டை எடுத்தார். அழகான கையெழுத்து. எழுதி என் பக்கம் திருப்பினார்:

"எனக்கு இரண்டு வழி இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது. முதலில் கரண்டைப் பாருங்கள், கத்தி எங்கேயும் ஓடிப்போய்விடாது."

மேஜைமேல் ஒரு நடை

கரண்டு அறை என்றால் நான் பொறி பறக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் பறக்கவில்லை. ஒரு மேஜை, மேலே கூரையிலிருந்து இறங்கின பெரிய இரும்பு உருளை. கழுத்தைச் சுற்றி ஈயத்தகடு வைத்து ஒரு சின்னச் சதுரம் மட்டும் திறந்து விடுவார்கள். ஒரு நாள் வலது பக்கம், மறுநாள் இடது பக்கம். தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை. "அசையாதே. எச்சில்கூட விழுங்காதே" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கனத்த கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு ரீங்காரம். வலி கிடையாது. ஆனால் எச்சில் விழுங்காதே என்று ஒருவர் சொல்லிவிட்டால் வாயில் வைகையே வந்துவிடுகிறது.

இரண்டாம் நாள் அசைந்துவிட்டேன். திட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. ரீங்காரம் தொடங்கியதும் மனசுக்குள் வண்டியை எடுத்தேன். சிம்மக்கல்லில் கிளம்பி ஒவ்வொரு நிறுத்தமாக, ஏறுகிறவர் முகம், இறங்குகிறவர் மூட்டை, எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டே போனேன். ரீங்காரம் நிற்கும்போது வண்டி சரியாகத் திருமங்கலம் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் ஒரு நாளும் அசையவில்லை. மெஷின் ஓட்டுகிற நாயுடுவுக்கு ஆச்சரியம். எப்படி இப்படிக் கட்டைமாதிரிக் கிடக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். மறுநாளிலிருந்து கதவைச் சாத்துவதற்கு முன்னால் தினம் ஒரே கேள்விதான் கேட்பார்:

"ஏம்பா கண்டக்டர், எல்லாரும் ஏறியாச்சா? ரைட் குடுக்கலாமா?"

எழும்பூரில் ஒரு டிரங்குப் பெட்டி

மூன்றாவது வாரம் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கழுத்துத் தோல் கறுத்து, பிறகு உரிந்தது. சவரம் கூடாது, சோப்பு கூடாது, காலர் வைத்த சட்டை கூடாது. கஞ்சியை விழுங்கினால் கள்ளி முள்ளை விழுங்குகிற மாதிரி. இருந்த கரகரப்பும் போய், காற்றுதான் வந்தது. குரலைக் காப்பாற்ற வந்த இடத்தில் இருந்த குரலும் போய்விட்டதே! எக்ஸ்ரே டாக்டர், "இது இப்படித்தான் இருக்கும். உள்ளே வெந்த புண் ஆறவேண்டும். முடிந்தபிறகு மெதுவாக வரும்" என்றார். நான் நம்பவில்லை. ஒரு சாயங்காலம் துணிமணியை டிரங்குப் பெட்டியில் அடைத்து, ஜைனபுவைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். சாவதானால் மதுரையில் சாகலாம் என்று முடிவு.

ஜைனபு கூடவே நடந்து வந்தாள். பிளாட்பாரத்துக்கு வந்ததும் பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னாள். வைத்தேன். அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ரயில் வந்தது. எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. ஜனங்கள் பார்க்கிறார்கள். எனக்குத் திட்டக்கூடக் குரல் இல்லை. கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினேன். ரயில் விசில் ஊதியபோது அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"நீங்க ஊருக்குப் போறதா இருந்தா போங்க. நாளைக்குக் காலையில ஒங்க பேரக் கூப்புடுறப்ப நான் போயி அந்த மேஜையில படுத்துக்கிறேன். பாதியில எறங்குறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

ரயில் போய்விட்டது. மறுநாள் மேஜையில் நான்தான் படுத்தேன்.

பேசாத கண்டக்டர்

ஆறு வாரமும் முடிந்து ஊருக்கு வந்தேன். டாக்டரின் கட்டளை: இன்னும் ஒன்றரை மாதம் பேச்சே கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அது கத்துவதைவிடக் கெடுதல். புகையிலை இந்த ஜன்மத்தில் கூடாது. ஊருக்கு வந்த அன்றே புகையிலைப் பொட்டலத்தை வைகை மணலில் விட்டெறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். பொய் சொல்லக்கூடாது, ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

முதலாளியிடம் போய் நின்றேன். "பேசாத ஆளை வைத்துக்கொண்டு நான் பஸ் ஓட்டுவதா, ஊமைக்கூத்து நடத்துவதா?" என்றார். நியாயம்தான். அப்போது எங்கள் டிரைவர் சங்கையா குறுக்கே வந்தார். பேரையூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டு ஆள். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். "மொதலாளி, சத்தம் நான் போடுறேன். டிக்கெட்ட மாப்ள கிழிக்கட்டும்" என்றார். இரண்டு மாதம் தவணை கிடைத்தது. சங்கையா மாமாவுக்கு மாட்டை அதட்டித்தான் பழக்கம். "ஹேய்! ஏறு! ஏறு! பேரையூரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஜனங்கள் பயந்து விலகினார்கள்.

நான் கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு டிக்கெட் கொடுத்தேன். பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று ஜனங்கள் எப்படித்தான் முடிவு செய்கிறார்களோ! எல்லோரும் என் காதருகே வந்து கத்தினார்கள். கல்லுப்பட்டி போகிற ஒரு அம்மா, கல் ஒன்றைப் பொறுக்கி என்னிடம் காட்டி, பிறகு பாதையைக் காட்டி, பிறகு தன்னைக் காட்டி, ஒரு விரலை நீட்டிக் காட்டினார். நான் கல்லுப்பட்டிக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்:

"பாவம், காது சுத்தமா கேக்கல. ஆனா புத்தி இருக்கு பாத்தீகளா? நான் சொன்னத அப்புடியே புரிஞ்சுக்கிட்டாரு."

தகரத்தில் விழுந்த அடி

திருமங்கலத்தில் ஒரு நாள் சங்கையா மாமா வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். கடலை விற்கிற ஒரு பெண், கொட்டிப்போன கடலையைக் குனிந்து பொறுக்கியபடி பின்சக்கரத்துக்கு நேராக நகர்ந்துகொண்டிருந்தாள். அவள் பார்க்கவில்லை. மாமாவுக்கும் தெரியாது. நான் வாயைத் திறந்து கத்தினேன். காற்றுகூட வரவில்லை.

அந்த ஒரு நொடியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பிறகு என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு கையாலும் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி அறைந்தேன். ஊரே திரும்பிப் பார்த்தது. வண்டி குலுங்கி நின்றது. சக்கரத்துக்கும் அவள் முதுகுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். மாமா இறங்கி வந்து பார்த்துவிட்டு அப்படியே சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என் கை இரண்டும் வீங்கிவிட்டன. அன்றைக்கே நானும் மாமாவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: தகரத்தில் ஒரு அடி என்றால் நிற்கவேண்டும், இரண்டு அடி என்றால் போகலாம், மடமடவென்று அடித்தால் உயிர்போகிற விஷயம். குரல் வந்தபிறகும் அதை விடவில்லை. குரல் இல்லாமலும் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று எனக்குத் துணிச்சல் வந்தது அந்த நாளில்தான்.

கடலைக்காரப் பெண் எழுந்து வந்து ஒரு பொட்டலம் கடலையை என் சட்டைப் பையில் திணித்தாள்.

"வாயால கத்தியிருந்தா வேற யாரையோ சொல்றாகன்னு குனிஞ்சே இருந்திருப்பேன்ண்ணே. இம்புட்டு சனத்துல என் பேரு ஒங்களுக்கு எங்க தெரியும்?"

வண்டு

ஒன்றரை மாதம் கழித்து மதுரை டாக்டர் குரலை எழுப்பக் கற்றுக்கொடுத்தார். முப்பத்தைந்து வயசு ஆளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள்! வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று மூக்கில் அதிர்கிற மாதிரி ஐந்து நிமிஷம். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மூச்சை வயிற்றிலிருந்து எடுக்கவேண்டும். கழுத்து நரம்பு புடைக்கக் கூடாது. நடுநடுவே தண்ணீர். முதல் வாரம் வந்தது குரலே இல்லை, ஈரத்துணியைக் கிழிக்கிற சத்தம். ஜைனபு சுவரில் கரியால் தினம் மூன்று கோடு போட்டாள். ஒரு கோடு குறைந்தால் அன்றைக்குச் சோறு தட்டில் விழாது.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் ரீங்காரம் உடையாமல் வந்தது. நான் நிறுத்தவில்லை. அடுப்படியில் இருந்த ஜைனபு கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மைமூன் அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்:

"என்ன ஜைனபு, ரெண்டு வாரமா ஒங்க வீட்டுல வண்டு கொடையுது? உத்திரத்தப் பாரு, இல்லாட்டி கூரை இத்துப் போயிரும்!"

மறுபடி கண்ணாடி

ஆறு மாதம் கழித்து அதே நாற்காலி, அதே ஸ்பிரிட் விளக்கு. உங்களில் யாராவது இந்த மாதிரி ஒரு முடிவுக்காகக் காத்திருந்தால், உங்களுக்குத் தெரியும்: அந்த நாற்காலியில் எல்லோரும் ஒரே அளவு சின்ன ஆள்தான். நாக்கை நானே நீட்டிக் கொடுத்தேன். டாக்டர் பார்த்தார். மறுபடி சூடு காட்டிப் பார்த்தார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். நான் மனசுக்குள் துஆ ஓதி அல்லாஹ்விடம் வேண்டிக்கொண்டிருந்தேன், நாக்கு அவர்கள் கையில் இருக்கும்போதே.

அரிசி இல்லை. இரண்டு வாரும் சுத்தமாக இருந்தன. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தடித்துச் சிவந்திருந்ததாம், கரண்டு பட்ட வடு. "இதோடு முடிந்தது என்று நினைக்காதே. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரவேண்டும், சில வருஷங்கள் வரவேண்டும். கரகரப்பு திரும்பினால் அன்றைக்கே வரவேண்டும்" என்றார் டாக்டர். வருகிறேன் என்றேன். நான் வாய்விட்டுச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுக் கம்பவுண்டர் மருந்துப் புட்டியை மூடினார்:

"பழைய கொரல நான் கேட்டதில்ல பாய். ஆனா இந்தக் கொரலுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. வீட்டுக்குப் போயி மொதல்ல ஒங்க வீட்டம்மாகிட்ட பேசுங்க."

தகரக் குழல்

குரல் திரும்பியது, ஆனால் பழைய ஆள் திரும்பவில்லை. முன்னே கணீரென்று மேலே போகும். இப்போது அடியில் கிடந்து முழங்குகிற ஒரு குரல். பேசினால் தெளிவு. கத்தினால் உடையும். டாக்டர் கத்தவே கூடாது என்றுவிட்டார். அந்தப் பக்கம் இரண்டு கம்பெனிக்காரர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் எவன் திரும்புவான்?

சிம்மக்கல்லில் ஒரு தகரக் கடைக்காரரிடம் போய், எண்ணெய் டின்னை வெட்டி முழங்கை நீளத்துக்கு ஒரு குழல் செய்யச் சொன்னேன். ஒரு முனை வாய் அளவு, மறு முனை முறம் அளவு. "எதுக்கு பாய், கோழிக்கு இரை போடவா?" என்றார். மறுநாள் காலை பஸ் பக்கத்தில் நின்று குழலை வாயில் வைத்து, கழுத்து புடைக்காமல், வயிற்றிலிருந்து மூச்செடுத்து நிதானமாகச் சொன்னேன்: "திருமங்கலம். கல்லுப்பட்டி. பேரையூர்." என் குரல் எனக்கே அந்நியமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எழுந்து தெருமுனைவரை போனது. பக்கத்து வண்டிக் கண்டக்டர்கள் கூவுவதை விட்டுத் திரும்பினார்கள். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஜரிகைத் துண்டு போட்ட ஒருவர் குடும்பத்தோடு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏங்க, இதுல வெறும் பஸ்ஸு மட்டுந்தானா, இல்ல உள்ள டாக்கிப் படம் கிடம் காட்டுறீகளா? பிள்ளைக கேக்குது."

எதிர்க் கம்பெனி

யுத்தம் வந்து பெட்ரோல் குறைந்து, பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதில் வருகிற வாயுவில் ஓட்டின வருஷம். எதிர்க் கம்பெனியில் பிச்சை என்று ஒரு புதுக் கண்டக்டர் சேர்ந்தார். இருபத்தெட்டு வயசு, நல்ல குரல். வந்த ஆறே மாதத்தில் எங்கள் கூட்டத்தில் பாதியை இழுத்துக்கொண்டார். எனக்குக் கோபம்தான். இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு ஐப்பசியில் அவர் குரல் கம்மியது. மழை என்றார். ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம். கூட்டம் எங்கள் வண்டிக்குத் திரும்பியது. சங்கையா மாமாவுக்குச் சந்தோஷம். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிச்சையிடம் போய் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். சிரித்தார். மறுநாள் சொன்னேன். முறைத்தார். மூன்றாம் நாள் முதல் நடை முடிந்து வந்ததும் அவர் கையைப் பிடித்தேன், விடவில்லை. "நீ வரலேன்னா ஒன் வண்டி முன்னாடி படுத்துக்கிறேன்" என்றேன். பல வருஷமாகத் தெரிந்த ஜனங்கள் சுற்றி நின்றார்கள். ராக்கம்மா, "போய்ட்டு வாப்பா, பாய் சும்மா சொல்லமாட்டாரு" என்றார். இழுத்துக்கொண்டு போனேன். நாற்காலியில் அவர் தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார்: புற்று இல்லை, கத்திக் கத்தி இரண்டு வாரிலும் காய்ப்புக் காய்த்திருக்கிறது. மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

வெளியே வந்து நான் அவரைக் கட்டிக்கொண்டேன். பிச்சை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகாத நிலையில், கரகரத்த குரலில் சொன்னார்:

"அண்ணே, சந்தோஷந்தான். ஆனா மூணு வாரம் நான் வாயத் தெறக்காட்டி கூட்டம் அம்புட்டும் ஒங்க வண்டிக்குத்தானே வரும்? நெசமாச் சொல்லுங்க, இது ஒங்க மொதலாளி சொல்லிக்குடுத்த யோசனை இல்லையே?"

ஆக, பத்து வருஷம் பஸ்ஸில் ஏறச்சொல்லி ஜனங்களைக் கூப்பிட்ட நான், தொண்டை கட்டினவர்களை டாக்டரிடம் போகச்சொல்லியும் அதற்கப்புறம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முந்தின வேலையில்தான் சொன்னவுடனே ஏறினார்கள்.